ஆரம்பப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர் அறிய வேண்டுவன

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் கிராமத்துத் திண்ணைகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "பெண்ணை டீச்சர் வேலைக்குப் படிக்கவைக்க வேண்டும், எதில் சேர்க்கலாம்?" என்று பெற்றோர் நாலு பேரிடம் விசாரிப்பர். "முதலில் ஒரு பட்டம், பிறகு பி.எட்.; பெரிய படிப்பாகப் படித்துவிட்டால் சின்ன வகுப்புக்கும் போகலாம், பெரிய வகுப்புக்கும் போகலாம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

கேட்பதற்கு இவ்விடை நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புவோரை இது வழி தவறச் செய்துவிடும். பட்டத்துக்கு மூன்று ஆண்டு, பி.எட். படிப்புக்கு இரண்டு ஆண்டு, ஆக ஐந்து ஆண்டுகள் கழிந்த பின், "இப்பணிக்கு உமக்குத் தகுதி இல்லை" என்ற சொல்லைக் கேட்க நேரிட்டால், அவ்விளைஞரின் உழைப்பும், பெற்றோர் கடன்பட்டுச் செலவிட்ட பணமும் என்னாவது? ஆதலின் இதனை நாம் சற்று விரிவாக ஆராய்வது நலம்.

சட்டம் விதிக்கும் தகுதி

குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் ஆசிரியர்களுக்குரிய குறைந்த அளவுத் தகுதிகளை வரையறுத்தது. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு அது காட்டிய வழிகளுள் இரண்டு முக்கியமானவை. பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்று, இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை முடிப்பது ஒன்று. நான்காண்டுத் தொடக்கக் கல்வி இளங்கலைப் பட்டம் பெறுவது மற்றொன்று. இப்பட்டப் படிப்பைத் தில்லிப் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கியது. ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு.

இடையில், 2018 ஜூனில், பி.எட். பட்டதாரிகளும் இவ்வகுப்புகளுக்கு வரலாம் என்றும், பணியேற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு மாதப் பயிற்சி பெற்றால் போதும் என்றும் அக்குழுமம் அறிவித்தது. இதனை நம்பிப் பலர் பி.எட். படித்தனர். ஆனால் 2023 ஆகஸ்ட் 11ஆம் நாள், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பணிக்குப் பி.எட். தகுதியாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்ணைப் பேச்சில் இன்னும் உலவும் அறிவுரை அந்தப் பழைய அறிவிப்பின் எச்சமேயாகும்.

தனிப் பயிற்சி எதற்கு?

பி.எட். தாழ்ந்த படிப்பு என்பது இதன் கருத்தன்று. மேல் வகுப்பு மாணவர்க்குப் பாடம் நடத்தும் பயிற்சி அது. சிறு குழந்தைக்குக் கற்பிப்பது வேறொரு கலை. ஓர் உதாரணம் காண்போம்.

இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம், 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்கிறோம். குழந்தை 35 என்று எழுதுகிறது. பயிற்சியில்லாதவர் சிவப்பு மையால் தவறு என்று குறித்துவிட்டு அடுத்த பலகையைப் பார்ப்பார். பயிற்சி பெற்றவரோ, "எப்படிச் செய்தாய், சொல்லு கண்ணு" என்று கேட்பார். ஏழிலிருந்து இரண்டையும், நான்கிலிருந்து ஒன்றையும் கழித்ததாகக் குழந்தை கூறும். எங்கும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று அது தானே ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறது! உடனே ஆசிரியர் பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் எடுத்து வைப்பார். ஒரு கட்டை அவிழ்த்தால்தான் ஏழு குச்சிகளை எடுக்க முடியும் என்பதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுகொள்ளும். மீதி 25 என்பதும் விளங்கும். உயர்கணிதம் கற்றதனால் மட்டும் இத்திறன் வந்துவிடாது.

மற்றொன்றும் கவனிக்கற்பாலது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரையுள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். சிற்றூர்ப் பள்ளிகளில் இருவரே ஐந்து வகுப்புகளையும் கவனிக்க வேண்டும். ஒரு வகுப்பு எழுத, மற்றொன்று படிக்க, மூன்றாவதற்குப் பாடம் சொல்லும் முறையைப் பள்ளியில் நின்றே பழக வேண்டும். பட்டயப் படிப்பில் ஏறத்தாழ 20 வாரம் பள்ளிப் பயிற்சி வைத்திருப்பது இதற்காகவே.

சேருமுன்னும் சேர்ந்த பின்னும்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி ஏற்பட்டவை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். அரசு நிறுவனங்களாதலால் இவற்றில் கட்டணம் குறைவு. முதலில் இங்கே முயல்வது நன்று. தனியார் நிறுவனமாயின், பணம் கட்டுமுன், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 2023-24 முதல் சில பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பும் நடைபெறுகிறது. அது எந்த வகுப்புகளுக்கு உரியது என்பதைக் கேட்டறிந்த பின்னரே விண்ணப்பித்தல் வேண்டும்.

பட்டயம் பெற்றதும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுத வேண்டும். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்திலும் முப்பது முப்பதாக 150 வினாக்கள். பொதுப் பிரிவினர் 90 மதிப்பெண் பெறவேண்டும். முன்னர் 7 ஆண்டுகளே செல்லுபடியான இத்தேர்ச்சி, 2021 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆயினும் தேர்ச்சி வேறு, நியமனம் வேறு. நம் மாநில அரசுப் பள்ளிகளில் சேர்வதற்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. அப்பதவியின் பெயர் 'இடைநிலை ஆசிரியர்' என்பது. பெயரைக் கண்டு மேல் வகுப்புக்குரியது என மயங்கலாகாது.

பட்டயம் பெற்ற அனைவர்க்கும் உடனே அரசு வேலை கிடைத்துவிடும் என்று நாம் ஆசை காட்டுவதற்கில்லை. பட்டம் பெற விரும்புவோர் பட்டயத்துக்குப் பின் தொலைநிலைக் கல்வி வாயிலாகவும் அதனைப் பெறலாம்.

விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு சிறு சோதனை செய்துபார்க்குமாறு நம் கிராம இளைஞர்களை வேண்டுகிறோம். மாலை வேளையில், ஊரில் எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தை ஒன்றைப் பக்கத்தில் அமர்த்தி, ஒரு மாதம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அது ஒரு வரியைத் தானே படித்து நிமிரும் அந்நேரத்தில் உங்கள் உள்ளம் மகிழுமாயின், இவ்வழி உங்களுக்கு உரியதே. பொறுமை கைகூடவில்லையாயின் வேறு தொழில்கள் பல உள்ளன. எவ்வழியாயினும் முதல் அடியைச் சரியான இடத்தில் எடுத்து வைப்பதே அறிவுடைமை.