செக்ரோலில் இல்லாத பெயர்கள்

ஹேவாஹெட்டையிலும் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்திலும் கொம்பியூட்டர் பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், மெஷினில் ஓடும் ப்ரோசஸ்களில் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துப் பார்ப்பது பற்றி எழுதுகிறேன். தோட்டத்து ஒஃபிஸ், பாடசாலை லேப், கொமியூனிகேஷன் கடை என்று ஒரே ஆள் நாலு இடத்து மெஷின்களைப் பார்க்கும் ஊர் இது. அதனால் கம்பனிகள் காசு கொடுத்து வாங்கும் கருவிகளைப் பற்றிப் பேசவில்லை. விண்டோஸோடு வருவதும் இலவசமாகக் கிடைப்பதும் போதும்.

1. முதலில் அனுமதி, அதுவும் எழுத்தில். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் அடுத்தவர் மெஷினுக்குள் போவதே குற்றம். நல்ல எண்ணத்தில்தான் போனேன் என்று பிறகு பொலிசில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, என்ன ஓடுகிறது என்று பார்க்கும்போது யார் வேலை நேரத்தில் என்ன செய்கிறார் என்பதும் தெரிந்துவிடும். அதை வெளியே விடாதீர்கள். இங்கே கதை பஸ்ஸுக்கு முன்னால் கண்டிக்குப் போய்ச் சேரும்.

2. மெஷின் ஒழுங்காக ஓடும் நாளிலேயே ப்ரோசஸ்களின் பட்டியலை எடுங்கள். கோளாறு வந்த பிறகு எடுத்தால் எதோடு ஒப்பிடுவது? டாஸ்க்லிஸ்ட் கட்டளை பெயரையும் எண்ணையும் தரும், ஆனால் ப்ரோசஸ் எந்த இடத்திலிருந்து ஓடுகிறது என்று சொல்லாது. பவர்ஷெல்லில் வின்32_ப்ரோசஸைக் கேளுங்கள். ஃபைலின் பாதை, கமாண்ட் லைன், தாய் ப்ரோசஸின் எண் மூன்றும் வரும். அதை மெஷின் பெயரோடு சிஎஸ்வியாகச் சேமியுங்கள். சுருக்கத்தை ஒரு சீஆர் கொப்பியிலும் எழுதுங்கள். கொப்பியை எந்த வைரஸும் பூட்டாது.

3. எல்லா மெஷின்களின் பட்டியலையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு, ஒவ்வொரு பெயரும் எத்தனை மெஷினில் இருக்கிறது என்று எண்ணுங்கள். நெட்வேர்க் இருப்பதன் லாபமே இதுதான். இருபது மெஷின் உள்ள லேபில் ஒன்றில் மட்டும் ஓடுவதை முதலில் பாருங்கள். பத்தொன்பதில் இருந்து ஒன்றில் இல்லாததையும் பாருங்கள். பெரும்பாலும் அது யாரோ நிறுத்திவைத்த அன்டிவைரஸாக இருக்கும். ஆனால் இருபதிலும் இருப்பதால் நல்லது என்று முடிவெடுக்காதீர்கள். க்ரக் பண்ணிய விண்டோஸை ஒரே டிவிடியிலிருந்து எல்லாவற்றிலும் போட்டிருந்தால், உள்ளே ஒளிந்திருப்பதும் இருபதிலும்தான் இருக்கும்.

4. பெயரைப் பார்த்து நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். புதுப் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துவது எஸ்விசிஹோஸ்ட். பழைய லேப் மெஷினில் பத்துப் பதினைந்து ஓடும். புதிதில் அறுபது எழுபது ஓடும். அது வைரஸ் இல்லை. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, ரெம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் சேர்விஸ்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது இடத்தை. விண்டோஸுக்குள் சிஸ்டம்32இல் இருந்து ஓடுகிறதா, அதைத் தொடக்கியது சேர்விசஸ் என்ற ப்ரோசஸா? டவுன்லோட்ஸிலிருந்தோ டெம்ப் ஃபோல்டரிலிருந்தோ ஓடினால் அது வேஷம். எழுத்தையும் கூட்டிப் படியுங்கள்: வி-சி என்பதை சி-வி என்று மாற்றி வைப்பார்கள். எல்சாஸ் என்ற பெயரில் சின்ன எல்லுக்குப் பதில் பெரிய ஐ போடுவார்கள். திரையில் இரண்டும் ஒரே கோடுதான்.

5. தாயைக் கேளுங்கள்: இந்த ப்ரோசஸைத் தொடக்கியது எது? தோட்டத்தில் காலைப் பிரட்டில் புது முகம் நின்றால் கணக்கப்பிள்ளை பெயரை மட்டுமா கேட்பார்? எந்த லயம், யார் கூட்டி வந்தது என்று கேட்டுத்தான் வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பேர் போடுவார். வேர்ட் ஆவணம் ஒன்று பவர்ஷெல்லைத் தொடக்கியிருந்தால் அங்கேயே நில்லுங்கள்; கடிதம் டைப் பண்ண பவர்ஷெல் எதற்கு?

பெயர், இடம், டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் சரியாக இருந்தும் கள்ளமாக இருப்பதுண்டு. கொமியூனிகேஷன் கடைகளில் இதை நிறையப் பார்க்கலாம். வேலைக்கு விண்ணப்பம் பிரின்ட் எடுக்க வருகிறவரின் பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருக்கும். க்ளிக் பண்ணினால் ஃபோல்டர் திறக்கத்தான் செய்யும், அதனால் அவருக்குத் தெரியாது. டாஸ்க் மெனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் என்று ஒன்று ஓடும். அது மைக்ரோசொஃப்டின் சொந்த ப்ரோக்ராம், சிஸ்டம்32இல்தான் இருக்கிறது. டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் மேல் வரிசைத் தலைப்பை ரைட் க்ளிக் செய்து கமாண்ட் லைன் என்ற நிரலைச் சேருங்கள். ஆப்டேட்டாவுக்குள் அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயர் வைத்த விபிஎஸ் ஃபைல் ஒன்றை அது படித்துக்கொண்டிருப்பது தெரியும். குற்றவாளி அந்த ஃபைல்.

6. தமிழ் டைப் பண்ணும் மென்பொருளைக் குற்றவாளியாக்காதீர்கள். ஈ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை அழுத்தும் எழுத்து ஒவ்வொன்றையும் பிடித்து மாற்றிக் கொடுக்கின்றன. பார்க்கப்போனால் கீலொகர் செய்வதும் அதேதான். கொழும்பில் அல்லது வெளிநாட்டில் எழுதிய வழிகாட்டியை வைத்துத் தேடினால் இவை சந்தேகப் பட்டியலில் வந்து நிற்கும். நெட்ஸ்டாட் கட்டளையில் ப்ரோசஸின் எண்ணைத் தேடி, அது வெளியே யாரோடு பேசுகிறது என்று பாருங்கள். கீபோர்ட் மென்பொருள் அப்டேட் தேடுவதைத் தவிர வெளியே யாரோடும் ஓயாமல் பேசத் தேவையில்லை.

7. சிஸ்இன்டேர்னல்ஸ் கருவிகளைப் பழகுங்கள். மார்க் ருஸினோவிச்சும் பிரைஸ் கோக்ஸ்வெல்லும் தொடங்கியது. 2006இல் மைக்ரோசொஃப்ட் வாங்கியது, இன்றும் இலவசம். ப்ரோசஸ் எக்ஸ்ப்ளோரர் கையொப்பத்தைச் சரிபார்க்கும், ஃபைலின் ஹாஷை வைரஸ்டோட்டல் தளத்தில் கேட்டும் சொல்லும். ஹாஷை மட்டும் கேளுங்கள், ஃபைலை ஏற்றாதீர்கள். ஏற்றியது மற்றவர் கைக்கும் போகலாம். சம்பளப் பட்டியல் உள்ள மெஷினில் இது விளையாட்டில்லை.

8. டாஸ்க் மெனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடும் மைனர்கள், அதாவது கள்ளமாகக் கிரிப்டோ காசு தோண்டும் ப்ரோக்ராம்கள், உண்டு. ஃபேன் கத்திக்கொண்டிருந்து நீங்கள் திறந்தவுடன் சட்டென்று குறைந்தால் சந்தேகப்படுங்கள். சில வினாடிகள் மட்டும் ஓடி மறைவதும் பட்டியலில் சிக்காது. சிஸ்இன்டேர்னல்ஸின் ஒட்டோரன்ஸ், விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலர் இரண்டையும் பாருங்கள். முடிந்தால் சிஸ்இன்டேர்னல்ஸின் சிஸ்மொனும் போட்டு வையுங்கள், அது ஒவ்வொரு ப்ரோசஸின் தொடக்கத்தையும் பதியும்.

9. கரண்ட் வந்த உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் ஞாபகமிருக்கும். இப்போதும் இடி மழைக் காலத்தில் லைன் போய் வரும். வந்ததும் தேங்கிக் கிடந்த அப்டேட், அன்டிவைரஸ் ஸ்கேன் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி சிபியூவை நூறுக்குக் கொண்டுபோகும். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் பாருங்கள்.

10. மூன்று நிரல் போடுங்கள்: நல்லது, கெட்டது, தெரியாது. “தெரியாது” என்று எழுத வெட்கப்பட வேண்டாம். திகதியையும் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பாதிக்கு மேல் விடை மெஷினுக்கு முன்னால் இருப்பவரிடமே கிடைக்கும். “அக்கா, இது என்ன ப்ரோக்ராம்?” என்றால், “கைரேகை மெஷினுக்குப் போட்டது தம்பி” என்பார்.

11. கெட்டது என்று தெரிந்தாலும் எண்ட் டாஸ்க் பண்ண அவசரப்படாதீர்கள். நெட்வேர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், மெஷினை ஓஃப் பண்ணாதீர்கள். பாதை, கமாண்ட் லைன், தாய், நேரம் எழுதியபின் கை வையுங்கள். பெரிதாகத் தெரிந்தால் கணினி அவசர உதவிக் குழுவான ஶ்ரீலங்கா சேர்ட்டுக்குச் சொல்லுங்கள். 2006இலிருந்து அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

12. நல்லது என்ற நிரலிலும் பதிப்பு எண்ணை எழுதுங்கள். 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரச கிளவுட் ரென்சம்வேர் தாக்குதலில் மாட்டியது. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டதால் மே 17இலிருந்து வந்த கடிதங்கள் போயின. அங்கே ஓடியது பெயர் தெரியாத எதுவுமில்லை, மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பு. அந்த ஏப்ரலிலேயே அதற்கு ஆதரவு முடிந்திருந்தது. உங்கள் பட்டியலிலும் அப்படி அப்டேட் நின்றுபோனவற்றைச் சிவப்பு மையில் எழுதி, காசு கொடுக்க வேண்டியவர் யாரோ அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.