பெயரைக் கடைசியில் படி

அன்புள்ள தங்கைக்கு,

பழைய அமெரிக்க காஸ்ட்யூம் நகைகளை அடையாளம் கண்டு விற்கும் வேலையில் இறங்கியிருக்கிறாய். லென்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வதையே நீயும் செய்வாய்: நகையைத் திருப்பிப் பெயர் எங்கே என்று தேடுவாய். அந்த அவசரம் வேண்டாம். பெயரைக் கடைசியில் படி.

916 ஹால்மார்க் பார்த்துப் பழகிய கண்கள் நமக்கு. தங்கத்தில் அந்த முத்திரை இருந்தால், விற்பவர் அல்லாத ஒருவர் அதைச் சோதித்திருக்கிறார் என்று பொருள். காஸ்ட்யூம் நகையில் இருப்பதோ விற்ற நிறுவனம் தானே குத்திக்கொண்ட பெயர். அது தரத்துக்குச் சான்றல்ல. செய்தது யார் என்பதைக்கூடச் சில நேரம் அது சொல்லாது. 1949இல் தொடங்கிய சாரா கவென்ட்ரி, வீடுகளில் பெண்களைக் கூட்டி நகை விற்ற நிறுவனம். பிறர் செய்த நகையை வாங்கித் தன் பெயரில் விற்றது. அதற்குச் செய்து கொடுத்தவர்களில் டிலிஸா அண்ட் எல்ஸ்டரும் உண்டு. இந்தப் பட்டறையின் அருமையான நகைகள் பெரும்பாலும் பெயரே இல்லாமல் வெளியே போயின. சிலவற்றில் ‘ஜூலியானா’ என்ற காகிதச் சீட்டு மட்டும் தொங்கியது. போட்டுக்கொண்டவர்கள் அதைக் கிழித்தெறிந்துவிட்டார்கள். இன்று அவற்றைக் கட்டுமானத்தை வைத்தே இனம் காண்கிறோம்; ஐந்து பெரிய கண்ணிகளைக் கோத்த பிரேஸ்லெட் அவர்களுடைய பெயர்பெற்ற அமைப்பு.

ஆகவே முதலில் பின்புறத்தைப் படி. கல்லைப் பிடித்திருப்பது உலோக நகங்களா, பசையா? பின்னும் கொக்கியும் எந்த வகை? முலாம் தேய வேண்டிய இடத்தில் தேய்ந்திருக்கிறதா? மிரியம் ஹாஸ்கெல் 1926இல் தொழில் தொடங்கினார்; 1940களின் பிற்பகுதிவரை அவருடைய நகைகளில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது. பூவேலை செய்த உலோகத் தகட்டில் மணிகளை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியால் கையாலேயே கட்டியிருப்பார்கள். அந்தக் கைவேலைதான் அங்கே கையெழுத்து. பிற்காலத்தில் வந்த நீள்வட்டப் பெயர்த்தகட்டையோ கொக்கியோடு கழற்றி வேறொரு மாலையில் மாட்டிவிடலாம். கொக்கியும் மாலையும் சேர்ந்தே பழசானவையா என்று பார்.

அதன் பிறகு பெயருக்கு வா. முத்திரை தரும் காலக் குறிப்பு பெரும்பாலும் ‘இதற்கு முன் இல்லை’ என்ற அளவுக்குத்தான். கோரோ நிறுவனத்தின் ‘டூயட்’ என்பது ஒரே சட்டத்தில் பொருந்தும் இரண்டு கிளிப்புகள். அதன் பின்னால் பெரும்பாலும் 1798867 என்ற எண் இருக்கும். 1931இல் அந்த இணைப்பு அமைப்புக்குக் கிடைத்த காப்புரிமை எண் அது. பிந்தைய ஆண்டுகளில் செய்தவற்றிலும் அதே எண்ணைக் குத்தினார்கள். எண்ணைப் பார்த்ததும் ‘1931 நகை’ என்று எழுதிவிடாதே.

ட்ரைஃபாரி நிறுவனத்தின் கிரீட முத்திரையையும் அதன் பக்கத்துக் குறியையும் இப்படித்தான் அணுக வேண்டும். காஸ்ட்யூம் நகையும் பதிப்புரிமைக்கு உரிய கலைப்படைப்புதான் என்று அந்த நிறுவனம் தொடுத்த வழக்கில் 1955இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டத்துக்குள் ‘சி’ என்ற பதிப்புரிமைக் குறி அதையொட்டியே இந்தத் தொழிலில் பரவியது. பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறி இருந்து, விற்பவர் ‘போர்க்கால நகை’ என்று சொன்னால் சந்தேகப்படு. போர்க்காலத்தில் உலோகக் கட்டுப்பாடு வந்ததால் பல நிறுவனங்கள் வெள்ளிக்கு மாறித் தங்க முலாம் பூசின. ‘ஸ்டெர்லிங்’ என்று குத்தின. ஆனால் அந்தச் சொல்லைப் போலி செய்பவர்களும் குத்துவார்கள். கற்களையும் சாட்சிக்கு அழை: வானவில்லாய் மின்னும் ‘அரோரா போரியாலிஸ்’ பூச்சை ஸ்வரோவ்ஸ்கி உருவாக்கியது 1950களின் நடுவில். 1940களின் நகை என்று சொல்லப்படுவதில் அந்தக் கல் இருந்தால், கல்லை மாற்றியிருக்கிறார்கள், அல்லது காலம் தவறு.

முத்திரை மங்கலாக இருந்தால் தேய்த்துத் துலக்காதே. முலாமும் எழுத்தும் சேர்ந்தே போய்விடும். தண்ணீரில் முக்கவும் கூடாது: கண்ணாடிக் கல்லின் அடியில் இருக்கும் பளபளப்புப் பூச்சு கறுத்துவிடும். உலர்ந்த மென்மையான தூரிகையும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த விளக்கும் போதும். காதணி என்றால் இரண்டையும் பார். பெயர் ஒன்றில் மட்டும் இருப்பதுண்டு.

கடைசியாக, விலைச்சீட்டு. பெயர் குத்தியிருந்தால் குத்தியிருக்கிறது என்று எழுது. இல்லாமல் அமைப்பை வைத்துச் சொல்கிறாய் என்றால், ‘முத்திரை இல்லை, கட்டுமானத்தை வைத்து இன்னாருடையதாகக் கருதுகிறேன்’ என்று காரணத்தோடு எழுது. ‘கருதுகிறேன்’ என்ற சொல் விலையைக் கொஞ்சம் குறைக்கும். குறையட்டும். வாங்குபவர் உன் காரணத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். அப்படிச் சரிபார்த்தவர்தான் அடுத்த நகைக்கும் உன்னிடம் வருவார்.

அன்புடன்,
உன் அக்கா