கொழுந்துக் கணக்கை டேட்டாபேஸில் ஏற்றலாம் வாங்க: அக்காவின் 7 டிப்ஸ்

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கம் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு இது. பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. பரீட்சையோடு விட்டுவிடாமல் அம்மாவின் கொழுந்து நிறுவையை ஏற்றிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தாலே முழுப்பேர் அரைப்பேராகிவிடுகிற இடம் நம் தோட்டம். இங்கே நாம் அடிக்கிற இலக்கம் பிசகாமல் டேட்டாபேஸுக்குப் போய்ச் சேரவேண்டும்.

1. நெட் இல்லாமலே தொடங்கலாம்

லயத்தில் சிக்னல் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். டவுனுக்குப் போகும்போது ஸாம்ப் மென்பொருளை ஒருமுறை இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள். அதன்பிறகு எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும். அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் இரண்டையும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபைலை 'எச்டிடாக்ஸ்' ஃபோல்டருக்குள் வைத்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் முகவரி வழியாகத் திறங்கள். டபுள் கிளிக் செய்து திறந்தால் பிஎச்பி ஓடாது.

2. நான்கு விஷயம் சரியாக இருந்தால் இணைப்பு கிடைக்கும்

சேர்வர் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் பெயர், இவ்வளவுதான் கேட்கும். புதிதாகப் போட்ட ஸாம்பில் சேர்வர் 'லோக்கல்ஹோஸ்ட்', யூசர் 'ரூட்', பாஸ்வேர்ட் வெறுமை. இணைப்பு வராவிட்டால் பிழைச் செய்தியை வாசியுங்கள். 'ஆக்சஸ் டினைட்' என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ பிழை. 'அன்நோன் டேட்டாபேஸ்' என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. 'ரிஃப்யூஸ்ட்' என்று வந்தால் பெரும்பாலும் சேர்வர் ஓடவில்லை, அல்லது 3306 என்ற வழக்கமான போர்ட் மாறியிருக்கிறது.

3. பழைய டியூட்டைப் பார்த்து எழுதாதீர்கள்

'மைஎஸ்கியூஎல் கனெக்ட்' என்ற பழைய கட்டளை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இலேயே நீக்கப்பட்டுவிட்டது. கடைசியில் 'ஐ' சேர்ந்த மைஎஸ்கியூஎல்ஐ, அல்லது பிடிஓ, இரண்டில் ஒன்றைப் பழகுங்கள். ஸாம்பில் பட்டன் மைஎஸ்கியூஎல் என்று சொன்னாலும், புதிய பதிப்புகளில் உள்ளே ஓடுவது 2009இல் அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. உங்கள் கோட் இரண்டுக்கும் ஒன்றுதான்.

4. தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாகக் கூடாது

பெயர் அடித்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறதா? டேபிள், இணைப்பு, வெப் பக்கம் மூன்றிலும் எழுத்துமுறையைப் பாருங்கள். டேபிளையும் இணைப்பையும் 'யூடிஎஃப்8எம்பி4' ஆக வையுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் 'யூடிஎஃப்-8' என்று குறியுங்கள். பலர் மறப்பது இணைப்பைத்தான்.

இன்னொன்று, 'கொழுந்து' நம் கண்ணுக்கு 4 எழுத்து. மைஎஸ்கியூஎல் கணக்கில் அது 8 குறி, 24 பைட். அதனால் பெயருக்கு 20 என்று இறுக்கிப் பிடிக்காமல் 100 என்று தாராளமாக இடம் விடுங்கள்.

5. எல்லா இலக்கத்தையும் 'இன்ட்' ஆக்காதீர்கள்

055 என்று தொடங்கும் பதுளைத் தொலைபேசி இலக்கத்தை 'இன்ட்' ஆக வைத்தால் முன்னால் இருக்கிற பூச்சியம் போய்விடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் கடைசியில் எழுத்து இருக்கிறது. புதியதில் 12 இலக்கம், அது 'இன்ட்' வகைக்குள் அடங்காது. இவற்றை எழுத்து வகையான 'வார்கேர்' ஆக வையுங்கள். கிலோவுக்கு 'ஃப்ளோட்' வேண்டாம், 'டெசிமல்' போடுங்கள். கூட்டும்போது புள்ளிக்குப் பின்னால் பிசகாது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், ஆளைப் பிரித்தறியச் செக்ரோல் இலக்கத்தைப் பிடியுங்கள்.

6. படிவத்தில் வருவதைக் கட்டளையோடு ஒட்டாதீர்கள்

யாரோ அடித்த பெயரை எஸ்கியூஎல் வரிக்குள் நேரே ஒட்டினால், டி'சில்வா என்ற பெயரில் இருக்கிற ஒற்றை மேற்கோளே கட்டளையை உடைத்துவிடும். கெட்ட எண்ணம் உள்ளவர் அதே ஓட்டை வழியாக உள்ளே இருப்பதைப் படிப்பார், சிலவேளை அழிக்கவும் செய்வார். பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்து, கட்டளையை முதலில் 'ப்ரிப்பேர்' செய்யுங்கள். மதிப்பைப் பிறகு 'பைண்ட்' செய்யுங்கள். அப்போது சேர்வர் அதைத் தரவாக மட்டுமே எடுக்கும். முதல் நாளிலிருந்தே இப்படி எழுதிப் பழகுங்கள்.

7. கரண்ட் போவதற்கு முன்னால் ஒரு பிரதி

மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. கணினியை அணைக்குமுன் மைஎஸ்கியூஎல்லை ஸ்டாப் செய்யுங்கள். வாரம் ஒருமுறை பிஎச்பிமைஅட்மினில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, அந்த ஃபைலைப் பென்டிரைவில் வையுங்கள். இணையத்தில் ஏற்றும் நாள் வந்தால் 'ரூட்' வேண்டாம். தேவையான உரிமை மட்டும் உள்ள தனி யூசரை உருவாக்கி, நல்ல பாஸ்வேர்ட் போடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். மற்றவர்களின் அடையாள அட்டை இலக்கத்தையும் சம்பளத்தையும் அவர்களைக் கேட்காமல் ஏற்றவும் வேண்டாம்.

முதலில் அம்மாவின் ஒரு மாதக் கிலோவை மட்டும் தினமும் கேட்டு ஏற்றுங்கள். மாதக் கடைசியில் மொத்தத்தை எடுத்து, சம்பளத் துண்டோடு அவரையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் புரோகிராம் சரி. ஒத்துப்போகாவிட்டால், எந்த நாளில் வித்தியாசம் என்று காட்டிக் கேட்க அம்மாவிடம் தேதிவாரியாக ஒரு கணக்கு இருக்கும்.