தூக்கத்தை அளக்க ஒரு வாட்ச் வேண்டுமா?

கேள்வி: ராத்திரி படுத்தால் சட்டென்று தூக்கம் வருவதில்லை. தூக்கத்தை அளக்கும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கச் சொல்கிறான் மகன். வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: மொத்தம் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்பதை வாட்ச் ஓரளவு சரியாகவே சொல்லும். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு என்று கலர் கலராகப் படம் போடுகிறதே, அதை அப்படியே நம்பாதீர்கள். அந்த நிலைகளைப் பிரித்தறிய மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். மணிக்கட்டில் கிடைப்பதோ கையசைவும் நாடித்துடிப்பும்தான். தூக்கம் வராமல், ஃபேனைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கக் கணக்கில் எழுதிவிடும். உங்கள் பிரச்னையே அதுதானே! காலையில் ‘ஸ்கோர்’ பார்த்துக் கவலைப்பட்டே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-லேயே அதற்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பலத்த குறட்டை, மூச்சுத் திணறி விழிப்பது, பகலில் கண் சொருகுவது இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். தேவைப்பட்டால் ‘ஸ்லீப் ஸ்டடி’ எழுதித் தருவார். இல்லையென்றால் 2 வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசியாகக் காபி குடித்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மகன் ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டானா? பரவாயில்லை, வாக்கிங் கணக்குக்கு ஆகும்.