முடி கொட்டுதா? பயப்படாதீங்க!

மூன்றாவது செமஸ்டரில் எனக்கு டைபாய்டு. குணமாகி மூன்று மாதம் கழித்து, சீப்பு நிறைய முடி! "ஹாஸ்டல் தண்ணிதான்டா காரணம்" என்றான் அறை நண்பன். கூச்சத்தில் வகுப்புக்கே மட்டம் போட்டேன்.

கடைசியில் டாக்டர் விளக்கினார். தலையில் சுமார் 1 லட்சம் முடி. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பட்டினி, இரும்புச்சத்துக் குறைவு வந்தால் ஏராளமான முடிகள் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கும். 2, 3 மாதம் கழித்துக் கொட்டும். வேர் சாகாது. அதனால் மாதம் சுமார் 1 செ.மீ. வீதம் மறுபடி வளரும்.

வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, முன்நெற்றி ஏறிக்கொண்டே போனாலோ தோல் டாக்டரைப் பாருங்க. காலை டிபனை விட்டுடாதீங்க.

எனக்கு முடி திரும்பி வந்தது. போன அட்டெண்டன்ஸ்தான் வரவில்லை!