பழைய இல்லமும் மின்சாரச் சிக்கனமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளைப் பற்றியே நாம் மிகக் குறைவாகச் சிந்திக்கின்றோம். ரெட்டியார்பாளையத்திலும், அதற்குக் கிழக்கேயுள்ள புதுவை நகரிலும், பழைய வீடு வெப்பம் மிகுந்ததாயின் அதனை இடித்துப் புதிது கட்டுதலே வழியெனக் கருதுவோர் பலர். அக்கருத்துத் தக்கதுதானா என ஈண்டு ஆராய்வாம்.

முன்னோர் அமைத்த திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வெறும் அலங்காரங்கள் அல்ல. தாழ்வாரம் வெயில் சுவரிற் படாது தடுக்கும். முற்றத்தின் வழியே வெங்காற்று மேலெழ, தெருவாயில் வழியே புதுக்காற்று உட்புகும். பிற்காலத்தில் முற்றத்தைத் தளமிட்டு மூடியும், சாளரங்களை அடைத்தும், சுண்ணாம்புச் சுவர்மீது சிமெண்டு பூசி அதன் ஈரத்தை உள்ளே அடக்கியும் இவ்வமைப்பைக் கெடுத்தவர் நாமே. பின்னர்க் குளிரூட்டும் பொறியை வாங்கி, வீட்டின் மீது பழி கூறுகின்றோம்.

ஆதலின் சீர்திருத்தத்திற்கு ஒரு முறை வேண்டும். முதலாவது கூரை, ஒற்றைத்தள வீட்டில் வெயிலின் பெரும்பகுதி அதன்மீதே விழுகின்றது. தளத்தின் மேல் வெண்சுண்ணம் பூசின் ஒளி திரும்பிச் செல்லும். இரண்டாவது காற்று; மூடிய முற்றத்தையும் சாளரங்களையும் திறத்தல் வேண்டும். மூன்றாவது விளக்கும் விசிறியும். 60 வாட் குமிழ் விளக்கிற்கு மாறாக 9 வாட் எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஏற்றின், ஆண்டில் ஏறத்தாழ 93 யூனிட்டு மிஞ்சும். 75 வாட் விசிறிக்கு மாறாக 30 வாட் விசிறி 12 மணி நேரம் சுழலின் 197 யூனிட்டு மிஞ்சும். குளிரூட்டும் பொறி கடைசியிலேயே வருதற்குரியது.

இடித்துக் கட்டுதலிலும் மறைந்த செலவுண்டு. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுடவேண்டும். செங்கல்லுக்கும் சூளை எரியவேண்டும். நின்ற சுவரைக் காத்தால் அவ்வெரிபொருள் முழுதும் மிச்சமாகும்.

புதுவையிலேயே இதற்குச் சான்றுகள் உள. வைசியாள் வீதியின் பழைய இல்லங்கள் பழுதுபார்க்கப்பெற்று, 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்றன. 1930-களில் அன்டோனின் ரேமண்டு வரைந்த கோல்கொண்டா விடுதியோ, அசையும் பலகைகளாலும் இரட்டைக் கூரையாலும், பொறியின்றியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது.

பழுதுபார்த்தலிலும் இடருண்டு. சுண்ணாம்பு வேலை வல்ல கொத்தர் அரியர். பாகப்பிரிவினையான வீட்டில் பங்காளிகள் ஒருமனப்படுதல் அதனினும் அரிது. எனினும் கூரைக்கு வெண்சுண்ணம் பூசப் பெருஞ்செலவு வேண்டா. மாணவ நண்பர்களே, வரும் கோடை விடுமுறையில் நும் வீட்டு மாடியில் அவ்வேலையைத் தொடங்குமின். இடிப்பதா காப்பதா என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம்.