முன்னணியிலிருந்து கோல் வாயிலுக்கு

ஐதராபாத்தில் பயிலும் தமிழ் நண்பர்கள் பீட்டர் தங்கராஜை அறிந்திருக்க வேண்டும். ஆனால் என் விடுதியில் அப்பெயரைச் சொன்னால் பெரும்பாலோர் விழிக்கின்றனர். 1935-இல் ஐதராபாத்தில் பிறந்த தமிழர் அவர். செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் குழுக்களில் ஆடிவிட்டு, 1953-இல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். அந்நாளில் பந்தாட்டத்துக்கென்று தனிச் சம்பளம் ஏது? இராணுவமோ போலீஸோ தந்த உத்தியோகந்தான் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது.

முதலில் அவர் நடு முன்னணி ஆட்டக்காரர். கோல் போட்டுக் கைதட்டல் வாங்கும் இடம் அது! அதை விட்டுக் கோல் காக்க வந்தார். 1955-இலும் 1958-இலும் அவ்வணி டூரண்ட் கோப்பையை வென்றது. இடையே 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் குழுவிலும் இடம் பெற்றார்.

நெடிய உருவம் அவருக்கு. உயரம் மட்டும் போதுமா? நான் பௌதிகம் பயில்பவன், கணக்கிட்டுப் பார்ப்போம். கோலின் அகலம் 24 அடி. அதன் நடுவுக்கு நேர் எதிரே, 36 அடி தொலைவில் பந்து இருப்பதாகக் கொள்க. கோட்டிலேயே நிற்பவர் 24 அடியையும் காக்க வேண்டும். 12 அடி முன்னேறினால், வடிவொத்த முக்கோணங்களின்படி, காக்க வேண்டியது 16 அடியே. ஆனால் பந்து தலைக்கு மேலே போய்விடும் அபாயம் உண்டு. இங்கேதான் உயரம் உதவுகிறது. முன்னணியில் ஆடியவருக்கு அடிப்பவனின் மனமும் புரியும் என்பது என் ஊகம்.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை இந்தியா 2-1 என வென்றபோது கோலில் நின்றவர் தங்கராஜ். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமும் ஐதராபாத்காரரே.